திருநீறு ஹோஸ், குங்கும ஹோஸ்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். பல்லடம் பக்கம் சரசக்காவின் கோழிப்பண்ணைக்குப் புதுத் தண்ணீர் பைப் பதிக்க, டிராக்டரின் பின்னால் பூட்டிய பேக்ஹோவில் குழி தோண்டிக்கொண்டிருந்தோம். ஆபரேட்டர் பழனிச்சாமி, மெக்கானிக் நான். மெக்கானிக் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு என்னிடம் ஸ்பேனர்கள் இருந்தன.

காலையில் மண் அள்ளும் பக்கெட் பட்டுப் பழைய பைப் உடைந்தது. அது போதாதென்று பூம் சிலிண்டரில் ஆயிலை அடைத்து நிறுத்தும் சீல் போய் ஆயில் கொட்டியது. பூம் என்பது வண்டியின் பெரிய கை. அது அப்படியே இறங்கி, பக்கெட்டோடு உடைந்த பைப்பின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. பக்கெட்டைத் தூக்கினால்தான் பைப்பை ஒட்டலாம்.

"ஏனுங்க தம்பி, மூவாயிரம் கோழிங்க. மத்தியான வெயில்ல தண்ணியில்லாட்டி ஒண்ணும் மிஞ்சாதுங்க" என்றார் அக்கா, இரண்டு கையிலும் குடத்தோடு.

"ரெண்டே மணி நேரமுங்கக்கா" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ, இன்றும் தெரியவில்லை.

இன்ஜினை நிறுத்தி, லீவரை ஆட்டிப் பிரஷரை இறக்கி, பின்னைச் சம்மட்டியால் தட்டி எடுத்து, சிலிண்டரைக் கழற்றினேன். அதற்கு ஆயில் போகும் ஹோஸ் இரண்டு. ஒன்று பூமைத் தூக்க, மற்றது இறக்க. பார்க்க இரட்டைப் பிள்ளைகள். மாறிவிடக் கூடாதே என்று, பழனிச்சாமி வண்டியில் வைத்திருந்த ஆனைமலைக் கோயில் பிரசாதப் பொட்டலத்தைப் பிரித்து, ஒன்றுக்குத் திருநீறும் இன்னொன்றுக்குக் குங்குமமும் வைத்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

பல்லடத்தில் சீல் மாற்றித் திரும்பும்போது உச்சிவெயில். ஹோஸ்களில் ஆயில் வழிந்து இரண்டும் ஒரே கறுப்பு. தடவிப் பார்த்தேன். முகர்ந்தும் பார்த்தேன். கொட்டகைக்குள் கோழிகள் வாயைப் பிளந்து இரைத்துக்கொண்டிருந்தன. நானும்தான். குத்துமதிப்பாக மாட்டிவிட்டேன்.

"தூக்கு பழனி!"

பக்கெட் அசையவில்லை. டிராக்டரின் பின்பக்கம் மெல்ல மேலே எழுந்தது.

"அட, தூக்குடா!"

"தூக்கறனுங்ணா! டிராக்டர்தானுங்ணா மேல போகுது!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கொட்டகைக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டேன். அங்கிருந்தும் "தூக்கு" என்றுதான் கத்தினேன்.

அக்கா குடத்தைக் கீழே வைத்தார். "கோழிக்குத் தண்ணி கேட்டா டிராக்டரப் பறக்க உடறீங்களே! பழனி, எறக்கற பக்கம் தள்ளிப் பாரு கண்ணு."

தள்ளினான். டிராக்டர் தரைக்கு வந்தது. பிறகு பக்கெட் மேலே வந்தது. ஹோஸ் மாறியிருந்தது, அவ்வளவுதான். தூக்கச் சொன்னபோதெல்லாம் பூம் தரையை அமுக்கி டிராக்டரைத் தூக்கியிருக்கிறது. பக்கெட்டை ஓரமாகத் திருப்பி வைத்ததும் அக்காவே குழியில் இறங்கிப் பைப்பை ஒட்டினார். தண்ணீர் ஓடியது. ஒன்பது கோழிகள் செத்திருந்தன. அவர் சொல்லவில்லை, நானே எண்ணினேன்.

இளம் மெக்கானிக்குகளுக்குச் சொல்வது இதுதான்: ஹோஸைக் கழற்றும் முன் அதன் இரும்பு முனையிலும் சிலிண்டரிலும் உளியால் கோடு போடுங்கள். ஒரு ஹோஸுக்கும் அது சேரும் இடத்துக்கும் ஒரு கோடு, மற்றதற்கு இரண்டு.

கிளம்பும்போது அக்காவிடம் பிரசாதக் கதையை ஒப்புக்கொண்டேன். சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

"அடுத்த வாட்டி சந்தனமும் கொண்டாந்துருங்க தம்பி. மூணு ஹோஸ் இருந்தா என்ன பண்ணுவீங்க?"