பதினொன்றாம் எண் மடிக்கணினி

பதினொன்றாம் எண் மடிக்கணினியில் இருந்த அந்தக் குரலை அழித்தவள் நான்தான். மஞ்சு அல்ல. ஆறு ஆண்டுகளாக எல்லோரும் மஞ்சு என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் மஞ்சுவே அப்படி நம்பத் தொடங்கினாள்...

எங்கள் சபையில் பாதிரியார் முன் மண்டியிட்டுப் பாவங்களைச் சொல்லும் வழக்கம் இல்லை. ஆகவே உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் மன்னிக்க வேண்டாம். கேட்டால் போதும்.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் கணினி ஆசிரியை. நாற்பது மாணவிகளுக்கு இருபது மடிக்கணினிகள். ஒவ்வொன்றிலும் எண் ஒட்டி, யார் எடுத்தார்கள், எப்போது திருப்பி வைத்தார்கள் என்று எழுத ஒரு பதிவேடும் வைத்திருந்தேன். அதில் ஒரு நாள்கூட விடுபட்டதில்லை என்று பெருமைப்பட்டவள் நான். நான் எடுத்ததை மட்டும் நான் எழுதியதே இல்லை.

பதினொன்றாம் எண் அனிஷாவுக்கும் மஞ்சுவுக்கும் உரியது. அனிஷா இனயம் என்ற கடற்கரை ஊர்ப் பிள்ளை. பள்ளி விடுதியில் தங்கியிருந்தாள். மஞ்சு அருமனையிலிருந்து தினமும் பேருந்தில் வருவாள். அவளுடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். இருவருக்கும் ஒரே பெஞ்சு. மஞ்சு கொண்டுவரும் சாப்பாட்டில் பாதி அனிஷாவுக்கு.

அவர்கள் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது, அனிஷாவின் அப்பா போன விசைப்படகு கரை திரும்பவில்லை. அவர் அனுப்பிய மூன்று குரல் பதிவுகள் அவள் அம்மாவின் கைப்பேசியில் இருந்தன. அது பழுதாகிக்கொண்டிருந்தது. விடுதியிலோ கைப்பேசிக்கு அனுமதி இல்லை. அம்மாவும் மகளுமாக வந்து கேட்டபோது, நானே அவற்றைப் பதினொன்றாம் எண்ணில் ஏற்றிக் கொடுத்தேன். ‘அப்பா’ என்று பெயரிட்டு ஒரு கோப்புறை. அடுத்த மாதம் அந்தக் கைப்பேசி அடியோடு போய்விட்டது.

“டீச்சர், இத ஒரு பென்டிரைவில போட்டுத் தருவியளா?”

“தாறேன் மக்கா.”

இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் இதையேதான் சொன்னேன்.

அந்தப் பதிவுகளை நானும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். காற்றின் இரைச்சலுக்குள் ஒரு மனிதர் ஆதார் நகலை அம்மையிடம் கொடுக்கச் சொல்கிறார். வந்ததும் சைக்கிளைச் சரிசெய்து தருவதாகச் சொல்கிறார். அவ்வளவுதான். வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, இயர்போனின் ஒரு முனையை அனிஷாவும் மறுமுனையை மஞ்சுவும் காதில் வைத்துக்கொள்வார்கள்.

அதிகாரிகள் பார்வையிட வருவதற்கு முந்தைய நாள், எல்லா மடிக்கணினியிலும் பாட வீடியோக்களை ஏற்றச் சொன்னார் தலைமையாசிரியை. பதினொன்றில் இடமில்லை. ஆண்டுவிழாப் படங்கள், சினிமாப் பாட்டுகள்... மாலை நான்கரை மணி. நாலே முக்காலுக்கு எனக்குப் பேருந்து. எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்வு செய்தேன். நிரந்தரமாக அழிக்கவா என்று அது ஒருமுறை கேட்டது. ஆம் என்றேன். அழிந்த இடத்தில் வீடியோக்களை ஏற்றினேன்.

அந்தக் கோப்புறையைப் பார்த்தேனா? பார்க்கவில்லை என்று எனக்கே நான் பலகாலம் சொல்லிவந்தேன். பார்த்தேன். பென்டிரைவில் ஏற்கெனவே கொடுத்துவிட்டதாக அந்த நொடியில் நம்பினேனா, நம்ப விரும்பினேனா... அது மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து அனிஷா என் மேசைக்கு வந்தாள்.

“டீச்சர், பதினொண்ணுல அப்பாவக் காணல்ல.”

வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பதிவேட்டைத் திறந்தேன். விரலை வைத்துத் தேடுவதுபோல் தேடினேன். “முந்தாநாள் மத்தியானம் கடைசியா எடுத்தது மஞ்சு” என்றேன்.

அது பொய்யில்லை. பதிவேட்டில் அப்படித்தான் இருந்தது. ஓர் உண்மையை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்ல முடியும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

“நான் தொடல்ல டீச்சர். சத்தியமாட்டு தொடல்ல” என்றாள் மஞ்சு. “எனக்க பாட்டும் போச்சுல்லா.”

தன் பாட்டுகளைத் தானே அழிப்பாளா என்று யாரும் யோசிக்கவில்லை. யோசித்தவள் நான் ஒருத்தி. பதிவேட்டை மூடி வைத்தேன்.

அனிஷா சத்தம் போடவில்லை. “ஏட்டி, எனக்க அப்பன இல்லாம ஆக்கிட்டியே” என்று மட்டும் சொன்னாள். மறுநாள் பெஞ்சு மாறி உட்கார்ந்தாள்.

மஞ்சுவின் அம்மா அருமனையிலிருந்து வந்தார். “எனக்க பிள்ள கள்ளம் சொல்லமாட்டா டீச்சர்” என்றார். “தெரியாம நடந்திருக்கும், விடுங்க. நான் ஒண்ணும் நினைக்கல்ல” என்றேன் நான். அந்த அம்மா கை கூப்பிவிட்டுப் போனார். என் பெருந்தன்மைக்கு... அந்தக் கும்பிடு எனக்கு!

சில வாரங்கள் கழித்து மஞ்சு தனியாக வந்து நின்றாள். மெலிந்திருந்தாள்.

“எனக்கே தெரியாம அழிச்சிருப்பேனோ டீச்சர்? நெனச்சு நெனச்சுப் பாக்கேன். ஒண்ணும் ஓர்மையில்ல.”

சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாருமில்லை. ஒரே வாக்கியம்தான். சொன்னால் அனிஷாவின் அம்மா என்னைப் பார்க்கும் பார்வை, ஆசிரியர் அறையில் எழும் பேச்சு... “அதையே நினைக்காத மக்கா, பரீட்சைக்குப் படி” என்றேன்.

அவள் நேரே அனிஷாவிடம் போய், தான்தான் அழித்ததாக ஒப்புக்கொண்டாள். செய்யாததை ஏற்றுக்கொண்டாலாவது தோழி திரும்பக் கிடைப்பாள் என்று நினைத்திருக்கிறாள். கிடைக்கவில்லை. அதுவரை அனிஷாவின் மனத்தில் கொஞ்சம் சந்தேகமாவது இருந்திருக்கும். அன்றோடு அதுவும் போயிற்று.

பள்ளி முடிந்து இருவரும் போய்விட்டார்கள். சென்ற ஆண்டு களியக்காவிளை பேருந்து நிலையத்தில் மஞ்சு என்னைக் கண்டு ஓடிவந்தாள். கேரளத்தில் நர்ஸ் வேலை என்றாள்.

“டீச்சர், அனிஷாக்குக் கல்யாணம். கிளாஸ்ல எல்லாருக்கும் சொல்லியிருக்கா. எனக்கு மட்டும் சொல்லல்ல. நான் போவட்டா?”

“போ மக்கா. அதெல்லாம் மறந்திருப்பா.”

கல்யாணத்தன்று இனயத்து மாதா கோயிலுக்கு நானும் போனேன். அனிஷாவின் அம்மா என் கையைப் பிடித்து அழைத்துப்போய் முன்வரிசையில் உட்காரவைத்தார். “எனக்க மோளுக்கு ரொம்ப ஒத்தாச செய்த டீச்சர்” என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னார். பூசை முடிந்து அனிஷா தன் கணவனோடு என்னருகே நின்று படம் எடுத்துக்கொண்டாள்.

மஞ்சு வாசலருகே நின்றிருந்தாள். கையில் ஒரு பரிசுப் பொட்டலம். அனிஷாவின் கண் ஒருமுறை அவள்மேல் பட்டது, அப்படியே விலகியது. மஞ்சு பொட்டலத்தை வரவேற்பு மேசையில் வைத்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். பிறகு வெயிலில் இறங்கிப் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.

எழுந்து ஓடினால் பிடித்துவிடலாம். அவ்வளவு தூரம்தான்...

யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். நான் பந்திக்குப் போனேன்.