பெயர் போடாத பிராது

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைக்கு எதிரே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஆல்பர்ட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர், சில்லறை விஷயங்களை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். பிறந்தார், பாலிடெக்னிக் படித்தார், பங்குக் கோயில் பாடகர் குழுவில் கூடப் பாடிய ஜெயமேரியைக் கட்டினார். மிச்சமெல்லாம் பென்டிரைவ்தான்.

படுத்துவிட்ட கம்ப்யூட்டருக்குப் புது விண்டோஸ் ஏற்ற வேண்டுமானால், முதலில் அதை ஒரு பென்டிரைவில் பூட் ஆகும்படி எழுத வேண்டும். சும்மா காப்பி பண்ணிப் போட்டால் எழும்பாது. இந்த வேலையை ஆல்பர்ட் பயபக்தியோடு செய்வார். விண்டோஸை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்குவார். முழுசாக இறங்கியதா என்று சரிபார்ப்பார். பென்டிரைவில் பழைய சரக்கு இருந்தால் வேறிடத்தில் எடுத்து வைப்பார். கடைசியாக, எழுதப்போகும் ஒன்றைத் தவிர மற்ற டிரைவையெல்லாம் பிடுங்கிவிடுவார். எழுதும் மென்பொருளுக்கு ஆள் பார்க்கத் தெரியாது. காட்டியதைத் துடைத்துவிட்டுத்தான் எழுதும். இத்தனை ஆசாரம் பார்த்தவருக்குத்தான் அது நடந்தது.

குருமூர்த்தி என்பவர் ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம் சொன்னவர். அவர் மனைவி செல்வநாயகி பேட்டையில் அகல் விளக்குச் செய்கிறார். குருமூர்த்தி இறந்து வருஷங்கள் ஆகின்றன. ஆனாலும் ஒவ்வொரு கார்த்திகைக்கு முன்னும் அவர் குரல் மட்டும் ஆட்டோவில் ஏறி, ஸ்ரீமுஷ்ணம், கருவேப்பிலங்குறிச்சி என்று சுற்றி, காற்றில் அணையாத விளக்கு என்று கூவிவிட்டு வீடு திரும்பும். விளக்கு அணையத்தான் செய்தது. செத்தவரிடம் போய் யார் கேட்பது?

குரல் இருந்தது ஒரே ஒரு பென்டிரைவில். இன்னொரு பிரதி எடுத்து வைக்கட்டுமா என்று ஆல்பர்ட் வருஷா வருஷம் கேட்பார். செல்வநாயகி ஒப்பமாட்டார்.

"மனுஷன் ஒருத்தருதான தம்பி. கொரலு எதுக்கு ரெண்டு?"

ஆல்பர்ட் கத்தோலிக்கர். அவர் வாடிக்கையாளர் எல்லாரும் அப்படியல்ல. ஆகையால் இந்த ஆயுத பூசைக்குக் கீபோர்டு முதல் பென்டிரைவ் வரை சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார். அதே நாளில் சூளைக் கதவுக்குப் பொட்டு வைத்த செல்வநாயகி, வீட்டுக்காரரை மட்டும் விடுவானேன் என்று அந்தப் பென்டிரைவுக்கும் அப்பினார்.

ஐப்பசியில், குரல் ஓரிடத்தில் திக்குகிறது, என்னவென்று பார் என அதைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆல்பர்ட் அதைச் செருகிக் கேட்டுக்கொண்டே, ஒரு வக்கீலின் லேப்டாப்புக்காகத் தன்னுடைய டிரைவையும் பக்கத்தில் செருகினார். எழுதும் நேரம் வந்ததும் விதிப்படி ஒன்றைப் பிடுங்கினார். பிடுங்கியது தன்னுடையதை. இரண்டும் ஒரே அளவு, திரையில் பெயர் கிடையாது, உடம்பெல்லாம் சந்தனம். எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று மென்பொருள் முறையாகக் கேட்டது. ஆல்பர்ட் சம்மதித்தார். குருமூர்த்தியின் குரல் இருந்த இடத்தில் விண்டோஸ் ஏறியது.

மறுநாள் செல்வநாயகி வந்தபோது, டீக்குப் போயிருந்தேன், மேசையில் வைத்ததை யாரோ எடுத்துவிட்டார்கள் என்றார் ஆல்பர்ட். செல்வநாயகி நேரே மணவாளநல்லூருக்கு, முருகன் கொளஞ்சியப்பர் என்ற பெயரில் இருக்கும் கோயிலுக்குப் பஸ் ஏறினார். திருட்டு, பொய், ஏமாற்று எதுவானாலும் அங்கே காகிதத்தில் பிராது எழுதி காவல் நிற்கும் முனியப்பரின் வேலில் கட்டிவிட்டால் வழக்கை முருகன் எடுத்துக்கொள்வார். வாய்தா கிடையாது. கட்டியவரே மனமிரங்கி ராஜினாமா எழுதிக் கட்டினால்தான் வழக்கு வாபஸ்.

திரும்பும் வழியில் கடையில் ஏறி, ஆல்பர்ட்டுக்கே ஆறுதல் சொன்னார்.

"ஒம் மேல இல்ல தம்பி. எடுத்தவன் பேரு தெரியாதுன்னுதான் எழுதியிருக்குது. அந்தச் சாமிக்குத் தெரியும்."

ஆல்பர்ட் முதலில் சட்டம் பார்த்தார். ஞானஸ்நானம் பெற்றவன்மேல் முருகனுக்கு அதிகாரம் செல்லுமா? சந்தனம் அப்பிய அன்றே அந்த எல்லைக்குள் கால் வைத்தாயிற்றோ என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

துடைத்து எழுதிய அந்தப் பென்டிரைவோ அபாரமாக வேலை செய்தது. பயமே அதுதான். எதற்கும் அசையாத பழைய இயந்திரம்கூட அதைச் செருகியதும் எழுந்து உட்கார்ந்தது. எழும்போது ஸ்பீக்கரில் ஒரு கரகரப்பு. மைக்கைக் கையில் எடுத்த குருமூர்த்தி தொண்டையைச் செருமுவார், அதே மாதிரி. பட்டப்பகலில், கரண்ட் போய் ஃபேனும் நின்ற கடையிலும் அது கேட்டது. அழிந்ததை மீட்கும் மென்பொருளை ஓட்டிப் பார்த்தார். பெயரில்லாத துண்டுகள் கிடைத்தன. திறந்தால் சூளை எரிவதுபோல் இரைச்சல். காதை வைத்துக் கேட்டபோது, அதற்குப் பின்னால் யாரோ பேச வாயெடுத்து, இவரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

ஆல்பர்ட் சோற்றைக் குறைத்தார், மெழுகுவர்த்தியைக் கூட்டினார். விஷயத்தைக் கறந்துவிட்ட ஜெயமேரி சொன்னார்:

"மாதா மன்னிச்சிட்டாங்கன்னே வச்சிக்கங்க. கேஸு அங்கயா இருக்குது? அந்தக்கா கிட்ட போங்க."

போனார். செல்வநாயகி வேகாத அகல்களைப் பலகையில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஆல்பர்ட் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்: துடைத்தது, திருட்டு என்று புளுகியது, செருமல் கேட்பது. ஓர் அகல் செல்வநாயகியின் கையில் நசுங்கியது. அதை மண்ணாக உருட்டிக்கொண்டே கேட்டார்.

"தொடைக்கிறப்ப ஏதாச்சும் சொன்னாரா?"

"இல்லக்கா."

"பேச வுடாம அனுப்பிட்ட."

ஆல்பர்ட், ராஜினாமா எழுதித் தருவீர்களா என்று மெதுவாகக் கேட்டார்.

"இப்ப இன்னா அவசரம்? நீ கோயில்ல பாடறவன்தான. ஆட்டோவுல ஏறிச் சொல்லு. கார்த்திகை ஆவட்டும். வெளக்கு வித்தா எழுதறேன். அதுவரிக்கும் பிராது பாட்டுக்கு இருக்கட்டும்."

ஆகவே, முருகன் கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருக்க, பாடகர் குழு உறுப்பினர் கார்த்திகை விளக்கு விற்கக் கிளம்பினார். கருவேப்பிலங்குறிச்சி கடைத்தெருவில், திருப்பலி ராகம் கலந்த குரலில் "தாய்மார்களே" என்று ஆரம்பித்ததும் தெருவே திரும்பிப் பார்த்தது. டீக்கடைக்காரர் கல்லாவை விட்டு இறங்கி வந்து ஆட்டோவை மறித்தார்.

"இன்னாங்க, கொரலு மாறியிருக்குது? குருமூர்த்தி தவறிட்டாரா?"

"ஆமாங்க."

"அடப்பாவமே. எப்பங்க?"

உண்மையான வருஷம் ஆல்பர்ட்டின் நாக்கு வரைக்கும் வந்தது. அதற்குமேல் வரவில்லை.

"இந்த ஐப்பசியிலங்க. நாந்தாங்க..." என்றார்.

மைக்கை அவர் அணைக்கவில்லை. கடைத்தெரு முழுக்க அது கேட்டது.