சந்தன சோப்பும் தேனருவியும்

எழுபதுகளின் கடைசியில் குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜராக இருந்தேன். சொந்த ஊர் தென்காசி. வயது முப்பதைத் தொடவில்லை. ஆனால் சாவிக்கொத்தை விரலில் மாட்டிக்கொண்டு நான் நடந்த நடையைப் பார்த்தவர்கள், அருவியே என் சொத்து என்று நினைத்திருப்பார்கள்.

சாரல் விழுந்தால் கூட்டம் வரும். சிலருக்குப் பேரருவியில் தலையை நனைத்தால் போதாது. செண்பகாதேவி அருவிக்கும் மேலே, தேனருவிக்குப் போயாக வேண்டும். அந்த வழி முழுசாகத் தெரிந்தவர்கள் மலையில் குடியிருந்த பளியர்கள்தான். ஆனால் கடைத்தெரு ஆசாமி ஒருவன் கம்பைச் சுழற்றிக்கொண்டு ‘கைடு’ என்று முன்னால் போவான்; பளியர்கள் பின்னால் மூட்டை தூக்கி வருவார்கள். வழி பிசகும்போதெல்லாம் அவன் நைசாகத் திரும்பி அவர்கள் முகத்தைப் பார்ப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

லாட்ஜுக்குத் தேன் கொண்டுவரும் பளியர் அம்மா ஒருவர் ஒருநாள் கேட்டேவிட்டார். “அண்ணாச்சி, வழி காட்டுதது நாங்க. முன்னால போறது அவனா? ரேஞ்சர் ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”

சொன்னேன். வனத்துறை ரேஞ்சர் நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருவதாகச் சொன்னார். அந்த அம்மா தேனருவிவரை பத்திரமாகக் கூட்டிப்போய்த் திரும்பினால், இனி பளியர்களே வழிகாட்டிகள். இல்லையென்றால் பழையபடி மூட்டைதான்.

ஞாயிறு காலை ரேஞ்சரின் மனைவி தலை நிறைய மல்லிகையோடு வந்தார். அவருடைய அம்மா முகம் நிறைய பவுடரோடு வந்தார். வழிகாட்ட வந்த பளியர் அம்மா ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

“பூவை எடுத்துருங்கம்மா. பவுடரு, சென்ட்டு எல்லாத்தையும் சித்தருவியில கழுவிட்டு வாங்க. மேல பாறை பூரா தேனீ தொங்குது. வாசனை அதுக்கு ஆவாது.”

பவுடர் முகம் சிவந்தது. “சுமங்கலி தலையில இருக்க பூவை எடுக்கச் சொல்லுதா! யாரு இவ?”

நான் பதறிப்போய்ப் பளியர் அம்மாவை ஓரமாக அழைத்தேன். “யக்கா, இன்னைக்கு ஒருநாள் விட்டுருங்க. காரியம் கெட்டுரும்.”

“கொட்டிச்சின்னா உசுரு போயிரும் அண்ணாச்சி. கூட்டிட்டுப் போற நான்தானே பதில் சொல்லணும்?”

தலையில் அடித்துக்கொண்டேன். அதற்குள் ரேஞ்சரின் மனைவியே சிரித்துக்கொண்டு பூவை எடுத்துவிட்டார். “கோயில்ல அம்மனுக்குச் சாத்திட்டு வாரேன். அம்மனுக்குன்னா தப்பில்லையேம்மா?” அம்மாக்காரி முந்தானையால் பவுடரைத் துடைக்க ஆரம்பித்தார்.

எல்லோரும் சித்தருவியில் வெறும் தண்ணீரில் குளித்தார்கள். நான் லாட்ஜ் மேனேஜர் அல்லவா! விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் சந்தன சோப்பு ஒன்று பையிலேயே இருந்தது. தலையில் தேய்த்திருந்த எண்ணெயின் வாசனை போகட்டும் என்று மூன்று தடவை போட்டுத் தேய்த்தேன்.

பளியர் அம்மா முன்னால் நடந்தார். பின்னால் ரேஞ்சர் குடும்பம். கடைசியில் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நான், ஒரே குஷியாக. செண்பகாதேவி கோயிலைத் தாண்டியதும் காற்று திரும்பியது. அவர் நின்றார், மோந்தார், நேரே என்னிடம் வந்தார்.

“என்ன போட்டுக் குளிச்சீய?”

சொன்னேன்.

“நீங்க இங்கனயே இருங்க அண்ணாச்சி.”

“யக்கா, உங்களுக்காவ பேசுனதே நாந்தான்!”

“அதுக்குத்தான் சொல்லுதேன். நல்லபடியா வீட்டுக்குப் போணும்லா?”

ரேஞ்சர் விழுந்து விழுந்து சிரித்தார். “அவங்க சொன்னா சொன்னதுதான்வே.” என் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். என் பங்கு புளியோதரையும் மேலே போயிற்று.

இரண்டு மணி நேரம் குரங்குகளோடு உட்கார்ந்திருந்தேன். கோபம் கோபமாக வந்தது. பளியர்கள் முன்னால் நடக்கட்டும் என்று வாதாடியவன் நான். முன்னால் நடப்பவர் நிற்கச் சொன்னால் நானும் நிற்க வேண்டும் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு கொட்டுகூட வாங்காமல் எல்லோரும் இறங்கி வந்தார்கள். “அடுத்த வாரத்துலேருந்து உங்க ஆளுங்க நாலு பேரு வாங்க” என்றார் ரேஞ்சர்.

“வாரோம் ஐயா. ஆனா யாரு மேல வரலாம், யாரு வரக்கூடாதுன்னு நாங்கதான் சொல்லுவோம்.”

ரேஞ்சர் என்னைப் பார்த்தார். நான் வேகமாகத் தலையாட்டினேன்.

அடுத்த ஞாயிறு அந்த அம்மா திருப்பி அனுப்பிய முதல் ஆள், அத்தர் பூசிக்கொண்டு போன எங்கள் லாட்ஜ் முதலாளி. நேரே என்னிடம் வந்து குதித்தார். “நீ சொன்னா கேப்பாளாம்லா? போய்ச் சொல்லுலே!”

“என்னையே உக்கார வச்சவங்க முதலாளி. நான் சொன்னாலும் கேக்க மாட்டாங்க” என்றேன். சொல்லும்போது ஏனோ பெருமையாக இருந்தது.