சென்சார் மேல் ஒரு கோணல் கோடு

ராஜபாளையத்தில் கார் வைத்திருக்கிற பாதிப் பேருக்குப் பரிபூரணத்தின் முகத்தைவிட முதுகுதான் பழக்கம். மதுரை ரோட்டில் லேத் பட்டறையை ஒட்டிய அவள் கடைக்கு எப்போது போனாலும், ஏதாவது ஒரு பானட்டுக்குள் தலையை விட்டபடிதான் நிற்பாள். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்து, பத்து வருஷம் நூல் மில்லில் கன்ட்ரோல் பேனல் பழுது பார்த்தவள். கார்களுக்குள் சென்சார்கள் புகுந்து, பழைய மெக்கானிக்குகள் வயரைக் கண்டாலே ஒதுங்க ஆரம்பித்த காலத்தில், ஒரு மல்டிமீட்டரை வாங்கிக்கொண்டு கடை போட்டாள். பொம்பளை கையில் வண்டியைக் கொடுப்பதா என்று முகத்தைச் சுளித்தவர்களே இப்போது காலை எட்டு மணிக்கு வந்து காத்துக் கிடக்கிறார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், உழைத்து வந்த திமிர்.

அவளிடம் விசேஷமாக வருவது பிக்கப் இல்லாத வண்டிகள். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்று என்ஜினின் கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு சின்ன சென்சார் இருக்கிறது, இரண்டே ஸ்க்ரூவில் நிற்கும். அதைத் தளர்த்தி மயிரிழை திருப்பினால் தூங்குமூஞ்சி வண்டியும் துள்ளும். சூடான என்ஜினில் இன்னொரு தரம் அளந்து பார்த்த பிறகுதான் பரிபூரணம் ஸ்க்ரூவை இறுக முடுக்குவாள். சீக்கிரம் சூடேறட்டும் என்று என்ஜினை ஓடவிட்டு பானட்டை மூடிவைப்பது அவள் வழக்கம். எல்லாம் முடிந்ததும் ஸ்க்ரூ தலையிலிருந்து சென்சார் வரைக்கும் சிவப்பு நகப்பூச்சால் நேராக ஒரு கோடு. ஸ்க்ரூ அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். தன் நகத்தில் ஒரு நாளும் அதைப் பூசியவள் இல்லை.

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஜெயசித்ரா தன் பழைய வெள்ளைக் காரோடு வந்தாள். லைசென்ஸ் வாங்கி மூன்று மாசம்தான் ஆகியிருந்தது. பின் சீட்டில் அவளுடைய அப்பா ஐயாதுரை காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர், அவரை இறக்கி ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் எலும்பு டாக்டரிடம் காட்டப் போகிற வழியில், வண்டி மிதித்ததும் திணறி, பிறகு திடுக்கென்று பாய்வதாக ஜெயசித்ரா முறையிட்டாள். பாயும்போதெல்லாம் அப்பா துண்டைக் கடித்துக்கொள்கிறாராம்.

யாரோ சென்சாரைக் கழற்றித் தப்பாகப் பூட்டியிருந்தார்கள். பரிபூரணம் மீட்டரை வைத்துக்கொண்டு, அரை வோல்ட் வரும்வரை மெல்லத் திருப்பினாள். மிதித்துப் பார்த்தால் என்ஜின் திணறாமல் சீராக ஏறியது. ஒரு ஸ்க்ரூவில் மரை தேய்ந்திருந்தது. அதைக் கழற்றி எடுத்தாள், மற்றதை விரலால் மட்டும் திருகி வைத்தாள். பானட்டை மூடிவிட்டு, வேறு ஸ்க்ரூவும் நகப்பூச்சும் எடுக்க உள்ளே போனாள்.

மற்ற கடைகளில் பானட்டை மூடினால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அந்த நேரம் பார்த்து, டாக்டர் பதினொரு மணிக்குக் கிளம்பிவிடுவார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஜெயசித்ராவுக்குப் போன் வந்தது. என்ஜின் ஓடுகிறது, பானட் மூடியிருக்கிறது. போயிட்டு வாரேன்க்கா என்று உள்ளே பார்த்துக் கத்திவிட்டு ஏறிப் போய்விட்டாள். பக்கத்து லேத் சத்தத்தில் அது பரிபூரணத்தின் காதில் விழவே இல்லை.

சரியான ஸ்க்ரூவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது, கார் நின்ற இடத்தில் வெயில்தான் கிடந்தது.

மூன்று தரம் போன் அடித்தாள். ஜெயசித்ரா எடுக்கமாட்டாள். லைசென்ஸ் வாங்கின புதிதில், ஓட்டும்போது போனைத் தொடாதே என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே பரிபூரணம்தான். ஸ்க்ரூடிரைவரையும் நகப்பூச்சையும் சுடிதார் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள். ஸ்க்ரூவைப் பாக்கெட்டில் போட மனம் வரவில்லை. இடது கையிலேயே பொத்திக்கொண்டாள்.

போகிற வழியெல்லாம் மனசு கணக்குப் போட்டது. ஒரே சீராக மிதித்துக்கொண்டு போனால் ஒன்றும் ஆகாது. காலை எடுக்கும்போதுதான் வம்பு. தளர்ந்த சென்சார் கூடவே திரும்பிவிடும், கம்ப்யூட்டருக்கு எதுவும் புரியாது, என்ஜின் நின்றுபோகும். நின்றால் ஸ்டீயரிங் கல்லாகும், இரண்டு மிதிக்குப் பிறகு பிரேக்கும் கல்லாகும். பின்னால் வருகிறவன் தென்காசியிலிருந்து மதுரைக்குப் பறக்கிற பஸ்காரன். பின் சீட்டில் இருப்பவரால் கதவைத் திறந்துகொண்டு ஒரு அடி நகர முடியாது.

மில்களைத் தாண்டி, கண்மாய்க் கரையைத் தாண்டி, ஐந்தாறு கிலோமீட்டர் போனதும் வெள்ளைக் கார் கண்ணில் பட்டது. நாற்பதில் போய்க்கொண்டிருந்தது. அப்பாடா என்று முன்னால் பாய்ந்து கையைக் காட்டப் போனவள், காரின் பின்சக்கரம் வரைக்கும் போய்விட்டுச் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். தன்னைப் பார்த்தால் அந்தப் பெண் பதறிக் காலை எடுப்பாள். இவளே அவளை நடு ரோட்டில் நிறுத்திவைத்த மாதிரி ஆகும்.

ஸ்கூட்டிக் கண்ணாடியில் ஒரு பஸ் பெரிதாகிக்கொண்டே வந்தது. பரிபூரணம் வேகத்தைக் குறைத்து, காருக்குப் பின்னால், ரோட்டின் நடுவிலேயே ஓட்டிக்கொண்டு போனாள். இடது கையைப் பின்பக்கமாக நீட்டி, மெதுவா மெதுவா என்று ஆட்டினாள். பஸ் ஹாரன் முதுகில் வந்து மோதியது. விலகவில்லை. பஸ் வலது பக்கம் ஏறினால் இவளும் ஏறினாள், இடது பக்கம் வந்தால் இவளும் வந்தாள். டிரைவர் என்னென்ன வைதிருப்பார் என்று அவளுக்கே தெரியும். கர்த்தரே கர்த்தரே என்பதற்கு மேல் ஜெபம் வரவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையில் மடவார் வளாகம் நெருங்கும்போது ஒரு ஆட்டோ குறுக்கே திரும்பியது. காரின் பிரேக் விளக்கு எரிந்தது. கார் குலுங்கி, சத்தம் அடங்கி, நடு ரோட்டில் நின்றுவிட்டது.

பரிபூரணமும் நின்றாள். பின்னால் டயர்கள் அலறின. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். செத்த நேரம் கழித்துத்தான், முதுகில் சுட்டது பஸ் ரேடியேட்டரின் அனல் என்று புரிந்தது. கையை நீட்டினால் பஸ்ஸைத் தொட்டுவிடலாம்.

பஸ் டிரைவர் இறங்கி வந்து, பொம்பளைக கையில வண்டியக் குடுத்தா இதுதான் கதி என்று ஊர் கேட்கக் கத்தினார். கூட்டம் சேர்ந்தது. கூட்டத்தில் பரிபூரணத்திடம் வண்டியைப் பழுதுக்கு விடுகிற இரண்டு பேரும் இருந்தார்கள். ஜெயசித்ரா வெளிறிப்போய் இறங்கினாள். எல்லாரையும் விட்டுவிட்டுப் பரிபூரணத்தைத்தான் பார்த்தாள்.

"அக்கா, நான் ஏதும் தப்பா மிதிச்சிட்டனா?"

புதுசா ஓட்டுறவ, பதறிட்டா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கூட்டம் நம்பியிருக்கும், ஜெயசித்ராவும் நம்பியிருப்பாள். பதினொரு வருஷப் பேர் அப்படியே இருந்திருக்கும். பரிபூரணம் பொத்தியிருந்த கையை விரித்தாள். ஸ்க்ரூ உள்ளங்கையில் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது.

"அவ மேல ஒரு தப்பும் இல்ல. ஸ்க்ரூவ முடுக்காம உள்ள போனது நாந்தான். வேலை முடியலன்னு சொல்லிட்டுப் போயிருக்கணும், சொல்லல" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

டிரைவர் திரும்பிப் போய் பஸ்ஸில் ஏறினார். நாலு பேர் காரை ஓரமாகத் தள்ளினார்கள். என்ஜின் நல்ல சூட்டில் இருந்தது. பரிபூரணம் சென்சாரைத் திருப்பி வைத்து ஸ்க்ரூவை விரலால் திருகினாள், மீட்டர் கடையிலேயே கிடந்ததால் ஓடவிட்டுக் காதாலேயே பார்த்தாள், பிறகு இரண்டையும் இறுக முடுக்கினாள். கோடு போடும்போது கை சொன்னபடி கேட்கவில்லை. நகப்பூச்சு விரலெல்லாம் வழிந்து, கோடு கோணிக்கொண்டு போனது. அழித்துவிட்டுப் போட நேரம் இல்லை.

பின் சீட்டிலிருந்து ஐயாதுரை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். நடந்தது அவருக்குப் பாதிதான் புரிந்திருந்தது.

"இம்புட்டுத் தூரம் வண்டி ஒருக்காக் கூட குலுக்கல தாயி. கடைசிலதான் கொஞ்சம்."

அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ள அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆஸ்பத்திரி வரைக்கும் காரின் பின்னாலேயே போனாள். கார் வாசலில் நின்றதும் ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடியே அழுதாள். இனி இந்தப் பெண் தன் கடைப்பக்கம் வருவாளா, வந்தாலும் எந்த முகத்தோடு பானட்டைத் திறப்பது என்று நினைக்க நினைக்க அழுகை கூடியது.

ஜெயசித்ரா பின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு திரும்பினாள். வாசலில் வார்டு பாய் ஒருவர் சும்மாதான் நின்றிருந்தார். அவரை அவள் கூப்பிடவில்லை.

"அப்பாவ இறக்கணும்க்கா. இந்தப் பக்கம் நீங்க பிடிங்க."

பரிபூரணம் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய், அந்த மனிதரின் இடுப்பைச் சுற்றிக் கை கொடுத்தாள். அவருடைய வெள்ளைச் சட்டையில், நகப்பூச்சின் பிசுபிசுப்பு இன்னும் காயாத அஞ்சு விரலும் சிவப்பாகப் பதிந்தது.