‘டிக்’ என்று கேட்கும் வரை

குணரத்தினம் இறந்த செய்தி எங்கள் ஒழுங்கைக்கு அவருடைய ஒலிபெருக்கியிலேயே வந்தது. ஆனால் பெயரைச் சொல்லுமுன் அது நின்றுவிட்டது.

காலையில் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். முச்சக்கரவண்டியில் மரண அறிவித்தல் சொல்லிக்கொண்டு வந்தார்கள். “கோப்பாயைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட, நாம் எல்லோரும் நன்கறிந்த...” அதோடு சத்தம் இல்லை. விளக்குமாற்றோடு படலைக்குப் போனேன். வண்டியில் இருந்தவன் குணத்தின் தமக்கை மகன் சீலன்.

“சீலன், அம்பிளிபயர்ப் பெட்டி பூட்டிக்கொண்டிட்டுது போலை. அதுக்கு அடியாதை. போய் மாமாவைக் கூட்டிக்கொண்டு வா” என்றேன்.

அவன் மைக்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். “மாமாதான் பெரியம்மா.”

“ஓம், மாமாவைத்தான் சொல்லுறன். கூட்டிக்கொண்டு வா.”

“இல்லைப் பெரியம்மா. மாமான்ரை சாவைத்தான் நான் சொல்லிக்கொண்டு வாறன். விடியக்காலமை நெஞ்சு நோகுதெண்டவர். ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போகேக்கையே முடிஞ்சுது.”

கேட்ட பிறகும் எனக்கு விளங்கவில்லை. அப்படியானால் இந்தப் பெட்டியை யார் பார்ப்பது என்றுதான் முதலில் நினைத்தேன். வண்டி ஒழுங்கை முடக்கில் திரும்பியபோது சத்தம் தானாக வந்தது. அங்கிருந்துதான் அவருடைய பெயர் எனக்குக் கேட்டது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நினைவு மலரில் எழுதும்படி அவருடைய மனைவி பவளம் என்னைக் கேட்டபோது, ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் என்ன எழுதுவது என்றேன். “நீங்கள் இரண்டு பேரும் சண்டை பிடிச்சதை எழுதுங்கோ அக்கா. அவருக்கு அதுதான் பிடிக்கும்” என்றாள். அதனால் சண்டையை எழுதுகிறேன்.

இப்படியான மலர்களில் எல்லோரையும் அடக்கமானவர் என்று எழுதுவார்கள். குணம் அடக்கமானவர் அல்லர். வலிகாமத்தில் தன்னுடைய ஒலிபெருக்கிச் செற்றைப் போல ஒன்று இல்லை என்று யாரும் கேளாமலே சொல்லுவார். நானும் குறைந்தவள் அல்லள். என் பேத்தி ஆரணியைப் போலத் தேவாரம் பாட ஒரு பிள்ளை இல்லை என்று நானும் கேளாமலே சொல்லுவேன். எங்கள் பிள்ளையார் கோயில் திருவிழாவில் அவள் பாடிய மறுநாள், வெங்காயப் பாத்திக்கு மண்வெட்டியால் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தேன். குணம் வரம்பில் வந்து நின்றார்.

“சந்தி மட்டுக்கும் கேட்டதாம் என்ரை பிள்ளையின்ரை குரல்” என்றேன்.

“அது பிள்ளையின்ரை குரல் இல்லை அக்கா. கரண்ட்.”

“என்னடா சொல்லுறாய்?”

“உங்கடை கையைப் பாருங்கோ. மண்வெட்டியாலை ஒரு கொத்து. வாய்க்கால் திறக்குது, தண்ணி பாயுது. அவ்வளவு தண்ணியையும் மண்வெட்டியோ தந்தது? மோட்டார் தந்தது. என்ரை அம்பிளிபயரும் உதுதான். சுவரிலை இருந்து கரண்ட் பெரிசா வந்து நிக்கும். மைக்காலை வாற சத்தம் எறும்பளவு. அது வாய்க்காலைத் திறந்து மூடும், திறந்து மூடும். அதின்ரை ஆட்டத்துக்கு ஏத்தமாதிரிக் கரண்ட் ஸ்பீக்கருக்குப் பாயும். சந்தியிலை கேட்டது அந்தக் கரண்ட்.”

“அப்ப என்ரை பேத்தி மண்வெட்டியோ?”

“நல்ல மண்வெட்டி அக்கா!” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அன்று அவருக்குத் தேநீர் கொடுக்கவில்லை.

அதை நான் அப்படியே விட்டிருக்கலாம். முடியவில்லை. ஊரே கேட்டுப் பாராட்டியது என் பிள்ளையை இல்லையென்றால், பாராட்டு யாருக்கு? கரண்டுக்கோ? ஆரணியிடமே கேட்டேன். “அம்மம்மா, நீங்கள் சொல்லுறதும் சரி, குணம் மாமா சொல்லுறதும் சரி” என்றாள். அது எனக்கு மேலும் குழப்பமாகிவிட்டது.

அடுத்த திருவிழாவில், அவள் பாடிக்கொண்டிருக்கும்போதே சத்தம் நின்றது. பெட்டியில் சிவப்பு லைற் எரிந்தது. கோயில் சபைத் தலைவர் எழும்பிச் சத்தம் போட்டார்: “குணம், உன்ரை பெட்டி செத்துப் போச்சு!”

“சாகேல்லை அண்ணை. வாயை மூடிக்கொண்டு இருக்கு. உங்களைப் போலை இல்லை.”

சனம் சிரித்தது. தலைவர் சுவிச்சைப் போட்டுப் போட்டு அணைக்கப் போனார். குணம் அவருடைய கையைப் பிடித்துவிட்டார். வயரைத் தடவிக்கொண்டே போய், பந்தல் மூலையில் குனிந்தார். ஒரு கதிரைக்கால் வயரில் ஏறி நின்றது. உள்ளே இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று முட்டியிருந்தன. பிறகு எனக்கு அதைப் பற்றியும் சொன்னார். வாய்க்கால் வரம்பு உடைந்தால் தண்ணீர் பாத்திக்குப் போகாமல் ஒரே பாய்ச்சலாக ஓடுமல்லவா, கம்பி முட்டினாலும் அப்படித்தானாம். ஸ்பீக்கருக்குப் போகாமல் கரண்ட் கண்மண் தெரியாமல் ஓடும். அந்த ஓட்டத்தில் பெட்டி உள்ளே எரிந்துபோகும். எரியுமுன் அது தானே கதவைப் பூட்டிக்கொள்ளும்.

இது எனக்கு விளங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் குணம் ஒருநாள் சொன்னதை மறுநாள் சொல்லமாட்டார். இன்னொரு முறை பெட்டி நின்றபோது கம்பி ஒன்றும் முட்டவில்லை. “மத்தியான வெயிலிலை மாடு நிழலைப் பார்த்துப் படுக்கிறேல்லையே? உதுக்கு உடம்பு சுட்டுப்போச்சு. ஆறினால் எழும்பும்” என்று அதன் பின்பக்கத்துக் காற்றாடியில் தூசி தட்டினார். போன தைப்பொங்கலுக்கு வேறொரு கதை: பெட்டிக்கு உள்ளேயே பழுது வந்தால், ஆடி ஆடிப் போகவேண்டிய கரண்ட் ஆடாமல் ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய் ஸ்பீக்கரைக் கருக்கிவிடுமாம். அதற்காகப் பெட்டி ஸ்பீக்கரைத் தன்னிடமிருந்து வெட்டிவிடுமாம்.

“தன்னைக் காப்பாத்தப் பூட்டுது எண்டாய். இப்ப ஸ்பீக்கரைக் காப்பாத்த எண்டுறாய். எது சரி?”

“இரண்டும் சரி அக்கா.”

“ஒருநாள் மோட்டார், ஒருநாள் மாடு. உனக்கே தெரியாது!”

“தெரியும் அக்கா. உங்களுக்கு ஏத்தமாதிரி உவமானம்தான் கிடைக்குதில்லை.”

அவர் மாறாமல் சொன்ன ஒன்றும் உண்டு. சுவிச்சைப் போட்டவுடன் பெட்டி பேசாது. உள்ளே கரண்ட் தளம்பிக்கொண்டிருக்கும். அது அடங்கிய பிறகே பெட்டி ஸ்பீக்கரோடு சேரும். சேரும்போது ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். “டிக் எண்டு கேக்கும் வரை ஒருத்தரும் கதையாதேங்கோ” என்று விரலை உயர்த்துவார். கோயில் ஐயராக இருந்தாலும் நிற்கத்தான் வேண்டும்.

கடைசியாக அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது, இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு. சண்டை பழையபடி தொடங்கியது. அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. “அக்கா, நீங்கள் எப்பவும் பிள்ளைக்குப் பக்கத்திலை இருந்து கேக்கிறியள். இல்லாட்டி வீட்டிலை இருந்து ஹோர்ன் ஸ்பீக்கரிலை கேக்கிறியள். ஒருநாளைக்கு உங்களை இரண்டுக்கும் நடுவிலை நிப்பாட்டிறன். இரண்டையும் ஒண்டாக் கேட்டிட்டுச் சொல்லுங்கோ, எது ஆரணியெண்டு. நீங்கள் சொல்லுறதை நான் ஏத்துக்கொள்ளுறன்” என்றார். வருகிற திருவிழாவுக்கு என்று பேசிக்கொண்டோம்.

செத்தவீட்டில் ஆரணியைப் பாடச் சொன்னார்கள். முச்சக்கரவண்டியில் இருந்த ஹோர்னைச் சீலன் கழற்றி, அதே வயரோடு ஒழுங்கை மாமரத்தில் கட்டியிருந்தான். உள்ளே குணத்தின் பெரிய பெட்டி. பிள்ளை தொடங்கினாள், இரண்டாவது அடியில் சத்தம் நின்றது. அவள் நிற்காமல் வெறும் குரலில் பாடினாள். பெண்கள் இருந்த இடத்தோடு அது முடிந்துவிட்டது. ஒழுங்கையில் நின்ற ஆண்கள் ஒன்றும் கேளாமல் கதைத்துக்கொண்டிருந்தார்கள். சந்தி மட்டுக்கும் போன குரல் இவ்வளவுதானா?

யாரோ பெட்டிக்கு ஒரு தட்டுத் தட்டினார். அதுவரை தலை நிமிராமல் இருந்த பவளம் நிமிர்ந்தாள்.

“அடியாதேங்கோ. அது பழுதில்லை. வயரைப் பாருங்கோ.”

சீலன் வயரைத் தடவிக்கொண்டு போனான். வண்டிக் கூரை இரும்பில் உரசி உரசி ஓரிடத்தில் தோல் போயிருந்தது. காலையில் பெயரை விழுங்கியதும் அந்த இடம்தான். வெட்டி, பொருத்தி, ஒட்டுநாடா சுற்றி, வந்து சுவிச்சைப் போட்டான். போட்டதும் விரலை உயர்த்தினான். அவனுக்கு அது யாரிடமிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அழுகையை நிறுத்தினார்கள். அந்தச் செத்தவீடு முழுவதும் பேசாமல் இருந்தது.

டிக்.

ஆரணி மீண்டும் முதலிலிருந்து தொடங்கினாள். நான் அப்போது வயர் பார்க்கவென்று எழும்பி, பந்தல் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பக்கம் பிள்ளை. மறுபக்கம் மாமரத்து ஹோர்ன். குணம் என்னை நிறுத்துவதாகச் சொன்ன இடம் அதுதான். நான் அங்கே நானாகவே வந்து நின்றிருக்கிறேன்.

இரண்டையும் கேட்டேன். உள்ளே சின்னக் குரல். வெளியே பெரிய குரல். மூன்றாவது அடியில் பிள்ளைக்கு அழுகை வந்து குரல் நடுங்கியது. அந்த நேரமே மாமரத்திலும் நடுங்கியது. குணத்துக்காக அழக் கரண்டுக்கு என்ன காரணம் இருக்கிறது? அது என் பிள்ளைதான், சந்தி மட்டுக்கும் போனது என் பிள்ளைதான் என்று நினைத்தேன். திரும்பி, கிடத்தியிருந்த குணத்தைப் பார்த்தேன். சொல்லத்தான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு வேறு விதமாகவும் தோன்றுகிறது. மண்வெட்டி அசைகிறபடி தண்ணீர் அசையும் என்றுதானே அவரும் சொன்னார்? பிள்ளை நடுங்கினால் கரண்ட் நடுங்கத்தானே வேண்டும்? அப்படியானால் வென்றது அவரா, நானா? அவரை அறிந்தவர்களே, உங்களில் யாருக்காவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். நான் சொல்லுவதை ஏற்றுக்கொள்ளுவதாகச் சொன்ன ஆள் ஒருவர்தான் இருந்தார்.

எனக்கென்று அவரிடமிருந்து மிஞ்சியது, சுவிச்சுப் போட்டதற்கும் ‘டிக்’ என்பதற்கும் இடையிலான அந்தச் சிறு நேரம். எதுவும் நின்றுபோனால் நான் இப்போது கை ஓங்குவதில்லை. எங்கே எது முட்டுகிறது என்று தடவிப் பார்க்கிறேன். பவளத்தைப் பார்க்கப் போனாலும் போனவுடன் ஆறுதல் சொல்லத் தொடங்குவதில்லை. பக்கத்தில் இருக்கிறேன். உள்ளே தளம்புவது அடங்கி அவளாக வாய் திறக்கும் வரை, பேசாமல் இருக்கிறேன்.