கறுத்த ஆற்றுக்குக் கற்பூரம்

கற்பூர மணத்தால் எனக்கு இன்றும் பக்தி வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. எண்பதுகளில், மலேசியாவில் கோலா சிலாங்கூர்ப் பக்கத் தோட்டமொன்றின் மண்டபத்தில் ஓவியக் கண்காட்சி வைத்தேன். உலகெங்கும் ஆறுகள் சாகின்றன என்பதே பொருள். தோட்டத்து ஆற்றையும் வரைந்திருந்தேன்: செம்பனை எண்ணெய் ஆலைக் கழிவில் கறுத்துப்போன ஒரு பெண், மடி நிறையச் செத்த மீன்கள்.

மறுநாள் காலையில் அவள் நெற்றியில் குங்குமம்! கீழே, தொழிலாளர் லயத்துக் காமாட்சி அக்கா ஏற்றிய கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"அக்கா, இது சாமி இல்லக்கா! ஆலைக் கழிவக் குடிச்சுச் சாவுற ஆறு!" என்று கத்தினேன்.

காமாட்சி அக்கா அசரவில்லை. "மெதுவாப் பேசு தம்பி, கற்பூரம் அணைஞ்சிரப் போவுது."

மத்தியானம், ஆலையைப் பழிக்கும் அந்தப் படத்தைக் கிழித்தெறியச் சொல்லி, தொழிலாளர்களை மேய்க்கும் மண்டோரை அனுப்பினார் தோட்ட மேனேஜர். விறுவிறுவென்று வந்த மண்டோர் குங்குமத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"சாமி படத்துல நான் கை வைக்க மாட்டேன் லா," என்று திரும்பிப் போய்விட்டார்.

என் ஓவியத்தை, நான் திட்டித் தீர்த்த குங்குமம் காப்பாற்றியது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

கடைசி நாள் படத்தைக் கழற்றப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இங்கயே இருக்கட்டும் தம்பி. ஆத்துத் தண்ணி தெளியட்டும், அப்புறமா வந்து எடுத்துக்க."