கார்க் கண்ணாடியைத் தட்டிய கை

தேர்தல் நாளிலேயே அந்த வாக்கெடுப்பையும் வைத்தது சரியா, பிழையா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் ஆவி படிந்த ஒரு கார்க் கண்ணாடிதான் கண்முன்னால் வருகிறது. வெளியே நின்று, விரலை மடக்கி அதைத் தட்டுகிறது என் சின்னம்மாவின் கை.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. டென்மார்க்கில், இக்காஸ்ட் நகரத்திலிருந்து அதிக தூரமில்லாத எங்கள் சிறிய ஊரில், பாலர் பாடசாலையின் சமையலறையில் வேலை செய்தார். என் மகனுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. ஒரு துளி பட்டாலே உதடு வீங்கி மூச்சு இழுக்கும். அவனுக்கென்று தனிப் பலகையும் சிவப்புப் பிடி போட்ட தனிக் கத்தியும் அவர் வைத்திருந்தார். வேறு யாரையும் அந்தக் கத்தியைத் தொட விடமாட்டார். எதற்கும் பயப்படுகிற நான் நிம்மதியாக வேலைக்குப் போனேன் என்றால் அந்தக் கத்திதான் காரணம்.

அந்தப் பாடசாலையை மூடிவிட்டு, பிள்ளைகளைப் பக்கத்து ஊரின் பெரிய பாடசாலைக்கு அனுப்பப் போவதாக நகரசபை அறிவித்தது. ஊர்மக்களிடம் வாக்கெடுப்பு நடத்துங்கள் என்று பெற்றோர் கையெழுத்துச் சேர்த்தோம். சின்னம்மா கடை வாசலில் நின்று எங்கள் எல்லோரையும்விட அதிகமாகச் சேர்த்தார். அதை நாடாளுமன்றத் தேர்தல் நாளிலேயே வைக்கச் சொல்லிக் கேட்டதும் நாங்கள்தான். தனி நாளில் வைத்தால் யார் வரப் போகிறார்கள்? நகரசபையும் உடனே சம்மதித்தது. அன்று மாலை சின்னம்மா வடை சுட்டுக்கொண்டு வந்தார்.

ஒன்றை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. எங்கள் ஊர்த் தமிழ்க் குடும்பங்களில் நாடாளுமன்றத் தேர்தலுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் ஒரே காரில் போவார்கள். குடியுரிமை உள்ள பிள்ளைகள் உள்ளே போய் வாக்களிப்பார்கள். குடியுரிமை இல்லாத பெற்றோர் காருக்குள்ளேயே இருப்பார்கள். ஊர் விடயத்தில் அவர்களுக்கும் வாக்கு உண்டு. நாட்டு விடயத்தில் இல்லை. சின்னம்மாவுக்கும் அப்படித்தான். பிள்ளைகளோடு நாள் முழுக்க டேனிஷில் கதைத்தவர், குடியுரிமைக்கான எழுத்துப் பரீட்சையில் மட்டும் ஒவ்வொரு முறையும் தோற்றார்.

அன்றும் அப்பாமாரும் அம்மாமாரும் பழக்கத்தில் காருக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். வாக்காளர் அட்டை வீட்டுக்கு வந்திருந்தது. தேர்தல் காலத்தில் வந்த அட்டை, பிள்ளைகளுடையதாக இருக்கும் என்று பலர் அதைப் பார்க்கவேயில்லை. சின்னம்மா கார் காராகப் போய்க் கண்ணாடியைத் தட்டினார்.

"அண்ணை, இறங்குங்கோ. இண்டைக்கு எங்களுக்கும் வோட் இருக்கு."

"எங்களுக்கு எங்கை பிள்ளை? அது சிற்றிசன்காரருக்கெல்லோ."

"அது வேறை, இது வேறை. இது பாலர் பாடசாலைக்கு. அட்டை இல்லாட்டிலும் பேரைச் சொன்னாக் காணும்."

"ரெண்டும் ஒரே வாசலாலைதானே போகுது? விடு பிள்ளை. இந்த முன் சீற்றிலை ஒவ்வொரு தேர்தலுக்கும் போட்டியில்லாமல் நான்தான் வெல்லுறனான்."

காருக்குள் எல்லோரும் சிரித்தார்கள். சின்னம்மாவும் சிரித்தார். ஆனால் கதவைத் திறந்து அந்த அண்ணையின் கையைப் பிடித்து இறக்கினார்.

உள்ளே வேறு கூத்து. வாசல் மேசையில் இருந்த பெண் ஒவ்வொருவரிடமும் நாட்டுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று இரண்டு அட்டை கேட்டாள். ஒன்று மட்டும் வைத்திருந்தவர்களை வரிசையிலிருந்து விலகி, உடற்பயிற்சி மண்டபத்தின் கடைசி மூலைக்குப் போகச் சொன்னாள். அங்கே ஒரு சிறிய மேசை. அதற்கு ஒரு வழிகாட்டிப் பலகைகூட இல்லை. இரண்டு அட்டையோடு அதே வரிசையில் நான் நின்றேன். எங்கள் பிள்ளைகளின் ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர், கடைக்காரர் எல்லோரும் பார்த்திருக்க, சேலைக்கு மேல் குளிர் அங்கி போட்ட சின்னம்மா தனியே விலகி நடந்தார். அவர் தலை குனியவில்லை. அவருக்குப் பின்னால் வந்த அந்த அண்ணை அதைப் பார்த்தார். திரும்பிக் காருக்குப் போய்விட்டார்.

சின்னம்மா வாக்களித்துவிட்டு வெளியே வந்து மறுபடியும் தட்டத் தொடங்கினார். நானும் வாக்களித்து வெளியே வந்தபோதுதான் தேர்தல் பொறுப்பாளர் வந்தார். வாக்களிக்கும் இடத்தில் பிரசாரம் செய்யக்கூடாது, வளாகத்தை விட்டுப் போங்கள் என்றார். "நான் எந்தப் பக்கமும் போடச் சொல்லேல்லை. போடத்தான் சொன்னனான்" என்று சின்னம்மா டேனிஷில் சொன்னதை அவர் புன்னகையோடு கேட்டார். அதே புன்னகையோடு வெளிவாசலைக் காட்டினார். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அந்த மரியாதையை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சட்டம் அந்தப் பொறுப்பாளர் பக்கம் இருந்திருக்கலாம். ஆனால் உங்களுக்கும் வாக்கு உண்டு என்று காருக்குள் இருந்தவர்களிடம் சொல்ல வேண்டியது யாருடைய வேலை? அதை நகரசபை செய்யவில்லை. செய்தவரைத்தான் துரத்தினார்கள்.

மிகக் குறைந்த வாக்குகளால் தோற்றோம். அந்தக் கார்களுக்குள் இருந்தவர்கள் இறங்கியிருந்தால் வென்றிருப்போமா என்பதை நான் எத்தனையோ முறை கணக்குப் பார்த்துவிட்டேன். மக்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள் என்றது நகரசபை. எந்த மக்கள்?

பாடசாலை மூடப்பட்டது. சின்னம்மா விபோர்க்கில் ஒரு முதியோர் இல்லச் சமையலறைக்கு வேலைக்குப் போய், அங்கேயே குடியேறிவிட்டார். மகன் பெரிய பாடசாலைக்குப் போகிறான். சாப்பாட்டை நானே கட்டிக் கொடுக்கிறேன். ஆனாலும் மதியத்தில் தொலைபேசி அடித்தால் பாடசாலையின் எண்ணா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

இப்போது அவன் சேர வேண்டிய ஊர்ப் பள்ளிக்கூடத்தையும் மூடப் போகிறார்களாம். மறுபடியும் வாக்கெடுப்புக் கேட்கிறோம். வரும் நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்துக் கேட்பதா, தனி நாள் கேட்பதா என்று பெற்றோர் குழு என்னை முடிவு சொல்லச் சொல்லியிருக்கிறது. தனி நாள் என்றால் டேனிஷ்காரரில் பாதிப்பேர் வரமாட்டார்கள். ஒரே நாள் என்றால் எங்கள் ஆட்கள் காரைவிட்டு இறங்கமாட்டார்கள். இறங்கினாலும் அந்த மூலை மேசை காத்திருக்கும். சின்னம்மாவைக் கேட்டேன். "என்னைக் கேளாதை பிள்ளை. அண்டைக்குத் தட்டின விரல் இன்னும் நோகுது" என்று சிரித்தார். ஊர் மாறியதால் இந்த முறை அவருக்கு இங்கே வாக்கும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் நான் பதில் சொல்ல வேண்டும். இதை வாசிக்கிற உங்களில் யாராவது இப்படி ஒரு நாளைப் பார்த்திருந்தால் சொல்லுங்கள்: ஒரே நாளா, வேறு நாளா? அதோடு இதையும் சொல்லுங்கள். தேர்தலன்று அந்த வாகனத் தரிப்பிடத்தில் உங்கள் அப்பாவோ அம்மாவோ காருக்குள் இருந்தால், வெளியே நின்று தட்டுகிறவள் எப்படிச் சொன்னால் கதவைத் திறப்பார்கள்?